பகிர்வு லைப்ரரி: கட்டுவது, இணைப்பது, உடையாமல் வைத்திருப்பது

நிரல் ஒரு எச்சரிக்கைகூட இல்லாமல் கட்டி முடிந்திருக்கும். ஓட்டினால் "கேனாட் ஓப்பன் ஷேர்டு ஆப்ஜெக்ட் ஃபைல்" என்று நின்றுவிடும். கேட்கிற பகிர்வு லைப்ரரியோ (பல நிரல்கள் ஓடும்போது பொதுவாகப் பயன்படுத்தும் கோப்பு) அதே ஃபோல்டரில் கண்ணெதிரே கிடக்கும். லினக்ஸில் சி மொழி பழகும் எல்லோரும் ஒருநாள் இந்த இடத்தில் மாட்டுகிறார்கள். லைப்ரரியைத் தேடுபவர்கள் இரண்டு பேர் என்பதுதான் காரணம். கட்டும்போது தேடுவது லிங்கர், அதாவது எல்டி. ஓடும்போது தேடுவது லோடர், அதாவது எல்டி.எஸ்ஓ. ஒருவரிடம் சொன்ன வழி இன்னொருவருக்குத் தெரியாது. இந்த இருவருக்கும் நடுவே போகும் ஒரே சீட்டு, லைப்ரரிக்குள் பதிந்திருக்கும் "சோநேம்" என்ற பெயர். அதைச் சரியாக எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இங்கே ஜிசிசி கம்பைலரையும் குனு லிங்கரையும் வைத்துச் சொல்கிறோம். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வரும் இடத்தை மட்டும் தனியாகச் சொல்லியிருக்கிறோம், மற்றதெல்லாம் சின்ன எழுத்து.

எடுத்துக்காட்டுக்கு ஒரு சின்ன லைப்ரரி: யூடிஎஃப்-8 சரத்தில் எத்தனை தமிழ் எழுத்து இருக்கிறது என்று எண்ணுவது. "அம்மா" என்ற சொல்லை ஸ்டிரெலென் ஃபங்ஷனிடம் கொடுத்தால் 15 என்று சொல்லும், ஏனென்றால் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். யூனிகோடு குறிகளாக எண்ணினால் 5: அ, ம, புள்ளி, ம, கால். நமக்கு வேண்டியது 3. வழி சுலபம்தான். யூனிகோடில் தமிழின் இடம் 2944 முதல் 3071 வரை. அதில் 3006 முதல் 3021 வரை துணைக்குறிகளும் புள்ளியும் இருக்கின்றன, 3031-இல் ஔகாரக் குறி தனியாக இருக்கிறது. இவற்றை விட்டுவிட்டு மற்றக் குறிகளை எண்ணினால் போதும். "கொ" என்பதை ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியாகப் பிரித்துத் தட்டியிருந்தாலும் விடை மாறாது. "க்ஷ" மட்டும் இரண்டு என்று வரும். அந்தப் பிழையை இப்போதைக்கு விட்டுவைப்போம், பின்னால் பயன்படும்.

மூலக் கோப்பு எழுத்து.சி, தலைப்புக் கோப்பு எழுத்து.ஹெச், லைப்ரரியின் பெயர் லிப்எழுத்து, அதைப் பயன்படுத்தும் நிரல் எண்ணி.

முதல் படி: இடம் மாறினாலும் ஓடும் கோடு

ஜிசிசி -வால் -ஜி -எஃப்பிஐசி -சி எழுத்து.சி

"வால்" என்பதில் டபிள்யூ பெரிய எழுத்து. "எஃப்பிஐசி" என்பதில் எஃப் சின்ன எழுத்து, பிஐசி மூன்றும் பெரிய எழுத்து. பகிர்வு லைப்ரரி எந்த முகவரியில் ஏறும் என்பது கட்டும்போது தெரியாது. ஒரு நிரலில் ஓரிடம், இன்னொன்றில் வேறிடம். அதனால் கோடுக்குள், அதாவது கம்பைலர் உருவாக்கும் கட்டளைகளுக்குள், நிலையான முகவரி எதுவும் எழுதக்கூடாது. வெளியே இருக்கும் ஒவ்வொன்றின் முகவரியையும் ஜிஓடி என்ற அட்டவணை வழியாக எடுக்க வேண்டும். லோடர் அந்த அட்டவணையை மட்டும் நிரப்பும், கோடுப் பக்கங்களைத் தொடாது. தொடாததால்தான் நூறு நிரல்கள் ஓடினாலும் அந்தப் பக்கங்கள் நினைவகத்தில் ஒரே பிரதியாக இருக்கின்றன. பகிர்வு என்ற சொல்லுக்குப் பொருளே இதுதான்.

எஃப்பிஐசி என்ற இந்தக் கொடியை (கட்டளையோடு தரும் விருப்பத்தை) விட்டுவிட்டால் 64-பிட் இன்டெல் கணினியில் லிங்கர் பெரும்பாலும் மறுத்துவிடும்: "ரீகம்பைல் வித் எஃப்பிஐசி" என்று அதுவே மருந்தும் சொல்லும். பழைய 32-பிட்டில்தான் ஆபத்து. அங்கே பேசாமல் கட்டிக்கொடுத்துவிடும். ஓடும்போது லோடர் கோடுப் பக்கங்களையே திருத்தும். திருத்திய பக்கம் அந்த நிரலுக்கு மட்டும் சொந்தமாகிவிடும், பகிர்வு போய்விடும். கோப்பின் உள்விவரம் காட்டும் ரீட்எல்ஃப் கட்டளையின் வெளியீட்டில் "டெக்ஸ்ட்ரெல்" என்ற சொல் தெரிந்தால் இதுதான் நடந்திருக்கிறது.

பிஐசி-யைச் சின்ன எழுத்திலும் எழுதலாம். அப்போது அட்டவணையின் அளவுக்கு வரம்பு உண்டு: 64-பிட் ஆர்மில் 28 கிலோபைட், ஸ்பார்க்கில் 8. இன்டெலில் வரம்பு இல்லை. பெரிய எழுத்தையே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஒரு கணினியில் கட்டியது இன்னொன்றில் உடையாது.

லினக்ஸ் 1990-களின் நடுவில் எல்ஃப் என்ற கோப்பு வடிவத்துக்கு மாறும்வரை இந்த வசதி கிடையாது. அதற்கு முந்திய ஏ.அவுட் வடிவத்தில் ஒவ்வொரு பகிர்வு லைப்ரரிக்கும் நிலையான ஒரு முகவரியை முன்கூட்டியே ஒதுக்கி வைக்க வேண்டும், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் படி: லைப்ரரியாகக் கட்டுவது

ஜிசிசி -ஷேர்டு -டபிள்யூஎல்,-சோநேம்,லிப்எழுத்து.எஸ்ஓ.1 -டபிள்யூஎல்,-இசட்,டெஃப்ஸ் -ஓ லிப்எழுத்து.எஸ்ஓ.1.0.0 எழுத்து.ஓ

"டபிள்யூஎல்" என்பதில் டபிள்யூ மட்டும் பெரிய எழுத்து. அதன்பின் வருவதை ஜிசிசி தான் வைத்துக்கொள்ளாமல் லிங்கரிடம் கொடுத்துவிடும். காற்புள்ளிகளுக்கு நடுவே இடம் விடக்கூடாது. எல்டி-யை நேராகக் கூப்பிடாதீர்கள். துவக்கக் கோப்புகளையும் சி மொழியின் அடிப்படை லைப்ரரியான லிப்சி-யையும் ஜிசிசி தானாகச் சேர்க்கிறது, நேராகப் போனால் அத்தனையும் உங்கள் தலையில் விழும்.

பெயர்கள் மூன்று. லிப்எழுத்து.எஸ்ஓ.1.0.0 உண்மையான கோப்பு. லிப்எழுத்து.எஸ்ஓ.1 சோநேம், லோடர் தேடுவது இதை. எண் ஏதும் இல்லாத லிப்எழுத்து.எஸ்ஓ லிங்கருக்கானது. பின்னிரண்டும் வெறும் சிம்லிங்க், அதாவது இன்னொரு கோப்பைச் சுட்டும் பெயர்:

எல்என் -எஸ் லிப்எழுத்து.எஸ்ஓ.1.0.0 லிப்எழுத்து.எஸ்ஓ.1
எல்என் -எஸ் லிப்எழுத்து.எஸ்ஓ.1 லிப்எழுத்து.எஸ்ஓ

டெபியனில் ஒரே லைப்ரரிக்கு இரண்டு பொதி இருப்பதும் இதனால்தான். ஓட்டுவதற்கான பொதியில் முதல் இரண்டு பெயர்கள் இருக்கும். "-டெவ்" என்று முடிகிற பொதியில் மூன்றாவது பெயரும் தலைப்புக் கோப்புகளும் இருக்கும். லைப்ரரி நிறுவியிருந்தும் லிங்கர் "கேனாட் ஃபைண்ட்" என்றால் இரண்டாவது பொதி இல்லை என்று பொருள்.

"டெஃப்ஸ்" என்ற கொடியைப் பலர் சேர்ப்பதில்லை. சேர்த்தே ஆகவேண்டும் என்பது எங்கள் கருத்து. பகிர்வு லைப்ரரி கட்டும்போது ஏதாவது ஃபங்ஷன் எங்கேயும் கிடைக்காவிட்டாலும், ஓடும்போது யாராவது தருவார்கள் என்று லிங்கர் விட்டுவிடும். ஃபங்ஷன் பெயரில் ஒரு எழுத்துப் பிழை இருந்தால்கூட லைப்ரரி கட்டிவிடும். அதைப் பயன்படுத்துகிறவர் கையில்தான் வெடிக்கும். டெஃப்ஸ் கொடுத்தால் அந்த இடத்திலேயே "அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்" என்று நிற்கும். கட்டுகிறவர் தவறைக் கட்டுகிறவரே பார்ப்பதுதான் முறை.

கட்டியதும் பாருங்கள்:

ரீட்எல்ஃப் -டி லிப்எழுத்து.எஸ்ஓ.1.0.0

"சோநேம்" வரியில் 1-உடன் முடியும் பெயர் இருக்கவேண்டும். "நீடெட்" வரிகளில் இந்த லைப்ரரிக்கு வேண்டிய மற்றவை இருக்கும், நம்முடையதில் லிப்சி.எஸ்ஓ.6 மட்டும் இருந்தால் சரி.

வெளியே தெரிய வேண்டியது மட்டும் தெரியட்டும்

என்எம் கட்டளையை -டி கொடியுடன் (இந்த டி பெரிய எழுத்து) லைப்ரரிமேல் ஓட்டிப் பாருங்கள். ஸ்டாட்டிக் என்று எழுதாத எல்லா ஃபங்ஷனும் பட்டியலில் நிற்கும். உள்வேலைக்காக நீங்கள் எழுதிய "அடுத்த_குறி" கூட இருக்கும். யாராவது அதைக் கண்டுபிடித்துக் கூப்பிட ஆரம்பித்தால், நாளை நீக்க முடியாது. இன்னொரு தொல்லையும் உண்டு. நிரலிலும் அதே பெயரில் ஒரு ஃபங்ஷன் இருந்தால், லைப்ரரிக்குள் இருந்து போகும் அழைப்புகூட நிரலின் ஃபங்ஷனுக்கே போய்ச் சேரலாம். முதலில் கிடைத்த சிம்பலுக்கே (ஃபங்ஷன் அல்லது மாறியின் பெயர்) முதலிடம் என்பது லோடரின் விதி.

அதனால் கம்பைல் செய்யும்போதே -எஃப்விசிபிலிட்டி=ஹிடன் கொடுத்து எல்லாவற்றையும் மறைத்துவிடுங்கள். வெளியே தரவேண்டியவற்றுக்கு மட்டும் தலைப்புக் கோப்பில் விசிபிலிட்டி டீஃபால்ட் என்ற அட்ரிபியூட்டைப் போடுங்கள். சி++ ஆக இருந்தால் வெளியே தரும் ஃபங்ஷன்களை எக்ஸ்டர்ன் சி-க்குள் அடைப்பது நல்லது. இல்லாவிட்டால் கம்பைலர் பெயரை மாற்றி எழுதிவிடும், வேறு மொழியிலிருந்து கூப்பிட முடியாது.

நிரலோடு இணைப்பது

ஜிசிசி -ஓ எண்ணி எண்ணி.சி -எல். -எல்எழுத்து

முதல் எல் பெரிய எழுத்து, அதை ஒட்டி வரும் புள்ளி இந்த ஃபோல்டரைக் குறிக்கும். இரண்டாவது எல் சின்ன எழுத்து. அதன்பின் "லிப்" என்ற முன்னொட்டும் எஸ்ஓ வாலும் இல்லாத பெயர். லைப்ரரி மூலக் கோப்புக்குப் பின்னால்தான் வரவேண்டும். உபுண்டு 11.10 முதல் அதன் ஜிசிசி, தேவைப்படாத லைப்ரரியை விட்டுவிடும்படி லிங்கரிடம் சொல்லிவிடுகிறது. லைப்ரரியை முன்னால் எழுதினால், அந்த நொடியில் அதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், லிங்கர் தள்ளிவிடும். பிறகு எண்ணி.சி கேட்கும்போது ஆள் இருக்காது. "அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்" வந்தால் முதலில் வரிசையைப் பாருங்கள்.

இணைக்கும்போது லிங்கர் லைப்ரரிக்குள்ளிருந்து சோநேமை எடுத்து நிரலின் நீடெட் வரியில் எழுதிவைக்கிறது. கோப்பின் பாதை எழுதப்படுவதில்லை. கட்டும்போது சோநேம் கொடுக்க மறந்திருந்தால், லிங்கர் தான் கண்ட கோப்பின் பெயரையே எழுதிவிடும், அதாவது எண் இல்லாத லிப்எழுத்து.எஸ்ஓ. நாளை இரண்டாம் பதிப்பு வந்து அந்தச் சிம்லிங்க் மாறினால், பழைய நிரல் தெரியாமலே புதியதைப் பிடித்துக்கொண்டு விழும். சோநேம் இல்லாத லைப்ரரியைச் சின்ன எல் இல்லாமல் பாதையாக எழுதிக் கொடுத்திருந்தால் இன்னும் மோசம். சாய்கோடு உள்ள அந்தப் பாதை அப்படியே நீடெட் வரியில் பதியும். வேறு ஃபோல்டரில் நின்று ஓட்டினால் ஓடாது.

லோடர் எங்கே தேடுகிறது

இந்த வரிசையில்: நிரலுக்குள் பதிந்த தேடல் பாதையான ஆர்பாத், எல்டி_லைப்ரரி_பாத் என்ற சூழல் மாறி (முழுதும் பெரிய எழுத்து), நிரலுக்குள் பதிந்த இன்னொரு வகைத் தேடல் பாதையான ரன்பாத், எல்டி.எஸ்ஓ.கேஷ் கோப்பு (லைப்ரரிகள் இருக்கும் இடங்களின் பட்டியல்), கடைசியாக லிப், யுஎஸ்ஆர்/லிப் ஃபோல்டர்கள். ரன்பாத் இருந்தால் ஆர்பாத்தைப் பார்க்காது. நிரல் நின்றிருக்கும் ஃபோல்டர் இந்த வரிசையிலேயே இல்லை. முதலில் சொன்ன பிழை வருவது இதனால்தான்.

சோதித்துப் பார்க்க, அந்த ஒரு ஓட்டத்துக்கு மட்டும் எல்டி_லைப்ரரி_பாத்=. என்று கட்டளைக்கு முன்னால் எழுதுங்கள். ஷெல் துவங்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி கோப்பில் நிரந்தரமாக எழுதிவைக்காதீர்கள். அப்படிச் செய்தால் உங்கள் எல்லா நிரல்களும் முதலில் அந்த ஃபோல்டரில் தேடும், தற்செயலாக அங்கே கிடக்கும் பழைய லைப்ரரியைப் பிடிக்கும். செட்யுஐடி நிரல்களுக்கு (யார் ஓட்டினாலும் கோப்பின் உரிமையாளர் அதிகாரத்தோடு ஓடுபவை) இந்த மாறி செல்லாது, பாதுகாப்புக்காக லோடரே ஒதுக்கிவிடும்.

கணினி முழுவதற்கும் நிறுவ, கோப்பை யுஎஸ்ஆர்/லோக்கல்/லிப் ஃபோல்டரில் வைத்து சுடோ எல்டிகான்ஃபிக் ஓட்டுங்கள். அது சோநேம் சிம்லிங்கைத் தானே உருவாக்கும், கேஷையும் புதுப்பிக்கும். எண் இல்லாத மூன்றாவது சிம்லிங்கை நீங்கள்தான் போடவேண்டும். உபுண்டுவிலும் டெபியனிலும் இது போதும். ஃபெடோராவில் அந்த ஃபோல்டர் வழக்கமாக எல்டிகான்ஃபிக் தேடும் பட்டியலில் இருக்காது, இடிசி/எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி ஃபோல்டருக்குள், கான்ஃப் என்று முடியும் ஒரு கோப்பில் அந்தப் பாதையை ஒரே வரியாக எழுதிவிட்டு மறுபடி ஓட்டவேண்டும். எல்டிகான்ஃபிக் -பி கொடுத்தால் கேஷில் இருப்பது தெரியும்.

நிரலையும் லைப்ரரியையும் ஒரே பொட்டலமாகக் கொடுக்கிறவர்களுக்கு ரன்பாத் ஏற்றது:

-டபிள்யூஎல்,-ஆர்பாத்,'$ஆரிஜின்/../லிப்'

ஆரிஜின் முழுதும் பெரிய எழுத்து. நிரல் இருக்கும் ஃபோல்டர் என்று பொருள். ஒற்றை மேற்கோள் கட்டாயம். விட்டால் ஷெல் அதைத் தன் மாறி என்று நினைத்து வெற்றிடமாக்கிவிடும். மேக்ஃபைலுக்குள் டாலர் குறியை இரண்டு முறை எழுதவேண்டும். கொடியின் பெயர் ஆர்பாத்தாக இருந்தாலும் பதிந்தது ரன்பாத்தா என்று, கட்டியபின் ரீட்எல்ஃப் -டி கொண்டு பார்த்துவிடுங்கள்.

ரன்பாத்துக்கு ஒரு குணம் உண்டு: நிரல் நேராகக் கேட்கும் லைப்ரரிக்கு மட்டுமே செல்லும். லிப்எழுத்து இன்னொரு லைப்ரரியைக் கேட்டால், அதற்கு லிப்எழுத்துக்குள்ளேயே ரன்பாத் பதிந்திருக்க வேண்டும். "ஒன்று கிடைத்தது, அதே ஃபோல்டரில் இருக்கும் மற்றது ஏன் கிடைக்கவில்லை" என்ற கேள்விக்கு இதுதான் விடை.

எங்கே தேடுகிறது என்று பார்க்க எல்டி_டீபக்=லிப்ஸ் என்பதைக் கட்டளைக்கு முன் வையுங்கள் (மாறியின் பெயர் பெரிய எழுத்து, லிப்ஸ் சின்ன எழுத்து). ஒவ்வொரு ஃபோல்டராக லோடர் எட்டிப் பார்ப்பது திரையில் ஓடும். எல்டிடி கட்டளை சுருக்கமாகச் சொல்லும். ஆனால் நம்பிக்கையில்லாத இடத்திலிருந்து வந்த கோப்பின்மேல் எல்டிடி ஓட்டாதீர்கள், சில சமயம் அது அந்தக் கோப்பையே இயக்கிவிடும். அங்கே ரீட்எல்ஃப் போதும்.

எண்ணை எப்போது மாற்றுவது

சோநேமில் இருக்கும் 1 ஒரு வாக்குறுதி: "1 இருக்கும்வரை, பழைய நிரலை மறுபடி கட்டவேண்டியதில்லை."

"க்ஷ" பிழையைத் திருத்துகிறோம். ஃபங்ஷனின் பெயரும் உருவமும் மாறவில்லை. கோப்பு 1.0.1 ஆகும், சோநேம் 1 ஆகவே இருக்கும். புதிதாக ஒரு ஃபங்ஷன் சேர்த்தால் 1.1.0, அப்போதும் சோநேம் 1. ஃபங்ஷனை நீக்கினாலோ அதன் உள்ளீட்டு வகையை மாற்றினாலோ சோநேம் 2.

தலைப்புக் கோப்பில் வெளிப்படையாக எழுதிய ஸ்டிரக்ட் இதைவிட வழுக்கலான இடம். முடிவைத் தர மூன்று இன்ட் கொண்ட ஒரு ஸ்டிரக்ட் வைத்தோம்: எழுத்து, குறி, பைட். 12 பைட். நிரல் அதைத் தன் ஸ்டாக்கில் ஒதுக்கி, முகவரியை நமக்குத் தருகிறது. அடுத்த பதிப்பில் உயிரெழுத்து எண்ணிக்கை என்று நாலாவது இன்ட் சேர்த்தோம். இப்போது லைப்ரரி 16 பைட் எழுதுகிறது. பழைய நிரல் ஒதுக்கியதோ 12. மீதி 4 பைட், பக்கத்தில் இருக்கும் வேறொரு மாறியின்மேல் விழும். அதிர்ஷ்டம் இருந்தால் "ஸ்டாக் ஸ்மேஷிங்" என்று உடனே சாகும். இல்லாவிட்டால் விடைதான் தப்பாக வரும், எங்கே தப்பு என்று தெரியாது. லிங்கரோ லோடரோ இதைக் கண்டுபிடிக்காது; அவர்களுக்குத் தெரிந்தது பெயர்கள் மட்டும்.

முதல் பதிப்பிலேயே ஸ்டிரக்டை மறைத்துவிடுவதுதான் தப்பிக்கும் வழி. தலைப்புக் கோப்பில் பெயரை மட்டும் அறிவித்து, உள்ளமைப்பை எழுத்து.சி-க்குள் வைத்துக்கொள்ளுங்கள். உருவாக்க ஒரு ஃபங்ஷன், அழிக்க ஒன்று, ஒவ்வொரு எண்ணிக்கையையும் கேட்க ஒன்று. நிரலின் கையில் பாயின்டர் மட்டும் இருந்தால், உள்ளே எதைச் சேர்த்தாலும் யாருக்கும் காயமில்லை.

புதிய ஃபங்ஷன் சேர்ப்பதிலும் ஒரு ஓட்டை உண்டு. 1.1-ஐ வைத்துக் கட்டிய நிரலை 1.0 மட்டும் உள்ள கணினியில் ஓட்டினால், சோநேம் ஒன்றே என்பதால் லோடர் ஏற்றிக்கொள்ளும். சிம்பல்களை முதல் அழைப்பின்போது தேடும் முறையில் கட்டியிருந்தால், அந்த ஃபங்ஷனைத் தொடும் நொடியில்தான் "சிம்பல் லுக்அப் எரர்" வரும். அது நடுராத்திரி ஓடும் வேலையாகவும் இருக்கலாம். இதை அடைக்க வெர்ஷன் ஸ்கிரிப்ட் இருக்கிறது: ஒரு சின்ன உரைக் கோப்பில் எழுத்து_1.0 என்ற தலைப்பின்கீழ் பழைய ஃபங்ஷன்கள், எழுத்து_1.1-இன்கீழ் புதியவை, முதல் தலைப்பிலேயே "லோக்கல்" என்பதன்கீழ் ஒரு நட்சத்திரக் குறி. -டபிள்யூஎல்,--வெர்ஷன்-ஸ்கிரிப்ட்= என்று எழுதி அந்தக் கோப்பின் பெயரைக் கொடுங்கள். இனி பழைய லைப்ரரியோடு சேர்ந்த புதிய நிரல் துவங்கும்போதே "வெர்ஷன் நாட் ஃபவுண்ட்" என்று நிற்கும்.

லினக்ஸின் வழக்கமான லிப்சி-யான ஜிலிப்சி-யின் சோநேம் இத்தனை ஆண்டுகளாக 6 ஆகவே நிற்பது இந்த ஏற்பாட்டால்தான். "ஜிலிப்சி_2.34 நாட் ஃபவுண்ட்" என்ற பிழையும் இதிலிருந்துதான் வருகிறது. 2021-இல் வந்த 2.34-இல், நிரலைத் துவக்கும் ஃபங்ஷனுக்கே புதிய வெர்ஷன் கொடுத்தார்கள். அதனால் 2.34-லோ அதற்குப் பிந்தியதிலோ கட்டிய எந்த நிரலும், வெறும் வணக்கம் சொல்கிற நிரலானாலும், பழைய கணினியில் ஓடாது. எந்தப் பழைய லினக்ஸ்வரை ஓடவேண்டுமோ, அந்தப் பழைய லினக்ஸில் வைத்துக் கட்டுங்கள். ஒரு கன்டெய்னர் (உங்கள் கணினிக்குள்ளேயே தனியாக ஓடும் சூழல்) போதும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது மாற்றுவது

நிறுவிய லைப்ரரியின்மேல் சிபி கட்டளையால் புதியதை எழுதாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் நிரல் கோப்பின்மேல் எழுதப்போனால் கெர்னல் "டெக்ஸ்ட் ஃபைல் பிஸி" என்று தடுக்கும். லைப்ரரிக்கு அந்தக் காவல் இல்லை. சிபி அதே கோப்பை வெறுமையாக்கி மறுபடி நிரப்புகிறது. அதை நினைவகத்தில் ஏற்றியிருக்கும் நிரல்களின் காலடியில் கோடு மாறிப்போய், அவை செக்மென்டேஷன் ஃபால்ட்டில் விழும். இன்ஸ்டால் கட்டளையைப் பயன்படுத்துங்கள், அது பழைய கோப்பை நீக்கிவிட்டுப் புதிதாக ஒன்றை உருவாக்கும். அல்லது அதே ஃபோல்டரில் வேறு பெயரில் நகலெடுத்து, எம்வி கொண்டு பெயரை மாற்றுங்கள். பழையதைப் பிடித்திருக்கும் நிரல்கள் அதையே தொடர்ந்து பயன்படுத்தும், புதிதாகத் துவங்குபவை புதியதை எடுத்துக்கொள்ளும்.

பாதுகாப்புக் குறையைத் திருத்திய லைப்ரரியை நிறுவினாலும், ஓடும் சேவைகள் குறையுள்ள பழையதிலேயே இருக்கும் என்பதும் இதனால்தான். ப்ராக் ஃபோல்டருக்குள் அந்த நிரலின் எண்ணுக்குரிய மேப்ஸ் கோப்பைப் பாருங்கள். லைப்ரரியின் பெயருக்குப் பக்கத்தில் "டெலீட்டட்" என்று இருந்தால், அந்தச் சேவையை நிறுத்தித் துவக்கினால்தான் புதியது உள்ளே வரும்.